தப்பிய ஒளி எவ்வளவு? தொலைதூர விண்மீன் திரள்களும் மறு அயனியாக்கமும்

ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி கண்டுபிடித்த மிகத் தொலைவான விண்மீன் திரள்களில் ஒன்றின் பெயர் ஜேட்ஸ்-ஜிஎஸ்-இசட்13-1. பெருவெடிப்பு நிகழ்ந்து ஏறத்தாழ 33 கோடி ஆண்டுகளே ஆகியிருந்தபோது அதிலிருந்து கிளம்பிய ஒளிதான் இப்போது நம்மை வந்தடைகிறது. யோரிஸ் விட்ஸ்டாக் தலைமையிலான குழு 2025 மார்ச்சில் அதன் நிறமாலையை நேச்சர் இதழில் வெளியிட்டது. 1.7 மைக்ரானுக்குக் கீழே ஒளி என்று சொல்ல ஒன்றுமில்லை. சரியாக 1.7 மைக்ரானில் ஓர் உமிழ்வு வரி மட்டும் பளிச்சென்று எழுந்து நிற்கிறது. அது ஹைட்ரஜன் உமிழும் லைமன் ஆல்ஃபா ஒளி. புறப்பட்டபோது அதன் அலைநீளம் 121.6 நானோமீட்டர். பிரபஞ்சம் விரிந்ததில் அது 14 மடங்கு நீண்டு, அகச்சிவப்புக்குள் வந்துவிட்டது. இதுவரை கணக்கு சரிதான். ஆனால் அந்தக் காலத்தில் அந்த ஒளி இவ்வளவு வலுவாக வெளியே வந்திருக்கக் கூடாது.

ஏன் கூடாது என்பதற்குப் பிரபஞ்சத்தின் முதல் நூறு கோடி ஆண்டுகளின் கதை தெரிய வேண்டும். பெருவெடிப்புக்குப் பின் சுமார் 3,80,000 ஆண்டுகள் வரை பிரபஞ்சம் கொதிக்கும் பிளாஸ்மாவாக இருந்தது. புரோட்டான்களும் எலக்ட்ரான்களும் தனித்தனியாக அலைந்தன. வெப்பநிலை 3,000 கெல்வின் அளவுக்குத் தணிந்ததும் அவை இணைந்து நடுநிலை ஹைட்ரஜன் அணுக்களாயின. பிறகு நெடுங்காலம் ஒளிரும் பொருள் எதுவும் இல்லை. முதல் விண்மீன்கள் பற்றி எரியத் தொடங்கியபின், அவற்றின் புற ஊதாக் கதிர்கள் இந்த அணுக்களை மறுபடியும் உடைத்தன. இதைத்தான் மறு அயனியாக்கம் என்கிறோம். பெருவெடிப்பிலிருந்து ஏறத்தாழ 110 கோடி ஆண்டுகளுக்குள் வேலை முடிந்துவிட்டது. இன்று திரள்களுக்கு இடையே உள்ள வெளியில் எஞ்சியிருக்கும் ஹைட்ரஜன் கிட்டத்தட்ட முழுவதும் உடைந்த நிலையிலேயே இருக்கிறது.

இந்தக் காலத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் தவறாமல் எடுத்துக்கொள்ளும் உவமை மூடுபனி. அது பாதிதான் பொருந்தும். மூடுபனி எல்லா ஒளியையும் மறைக்கும். நடுநிலை ஹைட்ரஜனோ ஆளைப் பார்த்துத்தான் தடுக்கும். கண்ணுக்குத் தெரியும் ஒளியும் அகச்சிவப்பும் அதற்குள் தங்குதடையின்றிப் போய்வரும். அது தடுப்பது இரண்டு வகை ஒளியை. 91.2 நானோமீட்டருக்கும் குறைந்த அலைநீளம் கொண்ட ஃபோட்டான்கள், அதாவது 13.6 எலக்ட்ரான் வோல்ட்டுக்கு மேல் ஆற்றல் உள்ளவை, அணுவை உடைத்துத் தாமும் அழிந்துபோகின்றன. துல்லியமாக 121.6 நானோமீட்டரில் வரும் லைமன் ஆல்ஃபா ஃபோட்டான்கள் உறிஞ்சப்பட்டு, வேறு திசையில் உமிழப்பட்டு, மறுபடியும் உறிஞ்சப்பட்டு, கடைசியில் நம் பார்வைக் கோட்டை விட்டே சிதறிப்போகின்றன. இந்த இரண்டு தடைகளையும் வைத்துத்தான் மறு அயனியாக்கத்தை ஆராய முடிகிறது. வராமல் போன ஒளியின் வடிவத்தைப் பார்த்து, அதைத் தடுத்தது எது, எவ்வளவு என்று கணிக்கிற வேலை இது.

இந்தக் கணிப்பு முதலில் தொடங்கியது குவேசார்களில், அதாவது நடுவிலுள்ள பெரும் கருந்துளை வாயுவை விழுங்குவதால் மிகப் பிரகாசமாக ஒளிரும் தொலைதூரத் திரள் மையங்களில். 1965-இல் ஜேம்ஸ் கன், புரூஸ் பீட்டர்சன் இருவரும், அப்போது புதிதாக அளக்கப்பட்டிருந்த 3சி 9 என்ற குவேசாரின் நிறமாலையை எடுத்துக்கொண்டார்கள். அதன் செம்பெயர்ச்சி 2, அதாவது பிரபஞ்ச விரிவால் அதன் ஒளி 3 மடங்கு நீண்டிருக்கிறது; இந்த எண் கூடக்கூட நாம் பார்ப்பது இன்னும் பழைய காலத்தை. குவேசாரிலிருந்து 121.6 நானோமீட்டரைவிடக் குறைந்த அலைநீளத்தில் கிளம்பும் ஒளி, வரும் வழியெல்லாம் பிரபஞ்ச விரிவால் நீண்டுகொண்டே வரும். ஏதோ ஓர் இடத்தில் அது 121.6-ஐத் தொட்டாக வேண்டும். அந்த இடத்தில் நடுநிலை ஹைட்ரஜன் இருந்தால் அந்த ஒளி அங்கேயே போயிற்று. ஆகவே நிறமாலையின் நீலப் பக்கம் முழுவதும் இருண்ட பள்ளமாக இருக்க வேண்டும். அப்படி இல்லை. இடைவெளியில் உள்ள ஹைட்ரஜன் ஏற்கெனவே உடைந்துவிட்டது என்பதே அதன் பொருள் என்று அவர்கள் முடிவுக்கு வந்தார்கள். எதிர்பார்த்த பள்ளம் உண்மையில் கண்ணில் பட 2001 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஸ்லோன் வான் அளவையில் கிடைத்த, செம்பெயர்ச்சி 6.28 கொண்ட ஒரு குவேசாரில் ராபர்ட் பெக்கர் குழு அதைக் கண்டது.

அந்தப் பள்ளத்தில் ஒரு வில்லங்கம் உண்டு. பத்தாயிரம் அணுக்களில் ஓர் அணு நடுநிலையில் இருந்தாலே போதும், ஒளி அநேகமாக முழுவதும் நின்றுவிடும். எனவே பள்ளத்தைப் பார்த்து "கொஞ்சமாவது நடுநிலை ஹைட்ரஜன் இருக்கிறது" என்று சொல்லலாமே தவிர, அது ஒரு சதவீதமா ஐம்பது சதவீதமா என்று சொல்ல முடியாது. மறு அயனியாக்கத்தின் கடைசிக் கட்டத்தை அறிய இது அருமையான கருவி, நடுக்கட்டத்துக்கு உதவாது. தவிர, அந்தக் காலத்தில் பிரகாசமான குவேசார்கள் மிக அரிது. விண்மீன் திரள்கள் ஏராளம். மேலும், வேலையைச் செய்தவை அநேகமாக அவைதான் என்பதால், குற்றவாளியையே சாட்சியாகவும் விசாரிக்கிற வசதி இதில் இருக்கிறது.

திரள்களை எப்படி விசாரிப்பது? லைமன் ஆல்ஃபாவை வைத்துத்தான். திரளுக்குள் இருக்கும் இளம் விண்மீன்களின் புற ஊதா ஒளி அருகிலுள்ள வாயுவை உடைக்கிறது. உடைந்தவை மீண்டும் சேரும்போது லைமன் ஆல்ஃபா பிறக்கிறது. சுற்றியுள்ள வெளி அயனியாக்கப்பட்டிருந்தால் அது நம்மை வந்தடையும், இல்லையென்றால் மங்கும். இதில் நுட்பமான ஒரு சங்கதி உண்டு. நடுநிலை வாயு அடர்ந்து நீண்டு கிடந்தால், அது 121.6-ஐ மட்டும் விழுங்குவதில்லை. அந்த உறிஞ்சலுக்குச் சிவப்புப் பக்கமாக நீளும் ஒரு சிறகும் உண்டு. 1998-இல் ஜோர்டி மிரால்டா-எஸ்குடே இதைக் கணக்கிட்டுக் காட்டினார். பள்ளத்தைப் போலன்றி, இந்தச் சிறகின் ஆழமும் அகலமும் நடுநிலை ஹைட்ரஜனின் அளவைப் பொறுத்து மாறுகின்றன. எனவே எவ்வளவு என்ற கேள்விக்கு இதிலிருந்து விடை எடுக்கலாம்.

செம்பெயர்ச்சி 7-இல், அதாவது பெருவெடிப்புக்குப் பின் சுமார் 76 கோடி ஆண்டுகளில் இருக்கும் ஒரு திரளை எடுத்துக்கொள்வோம். அதைச் சுற்றி 30 லட்சம் ஒளியாண்டு ஆரத்துக்கு வாயு உடைந்து, தெளிந்த ஒரு குமிழி இருக்கிறது. அதற்கு அப்பால் எல்லாம் நடுநிலை ஹைட்ரஜன் என்று வைத்துக்கொள்வோம். அப்போதைய விரிவு வேகத்தில், குமிழியின் விளிம்பை ஒளி எட்டுவதற்குள் அது வினாடிக்கு 800 கிலோமீட்டர் வேகத்துக்குச் சமமான அளவு சிவப்புப் பக்கம் நகர்ந்திருக்கும். விளிம்பில் உள்ள அணுக்கள் 121.6-ஐ எதிர்பார்த்துக் காத்திருக்க, நம் ஒளியோ அதைக் கடந்து போயிருக்கும். சிறகு கொஞ்சம் பிடித்துக்கொள்ளும், பெரும்பகுதி தப்பிவிடும். குமிழி சில லட்சம் ஒளியாண்டுகள்தான் என்றால் இந்தச் சலுகை கிடையாது. ஆகவே லைமன் ஆல்ஃபா எங்கே தெரிகிறது, எங்கே தெரியவில்லை என்று குறித்துக்கொண்டே போனால், குமிழிகளின் வரைபடம் மெல்ல உருவாகும்.

வெப் வருவதற்கு முன்பே இந்த வேலை தொடங்கிவிட்டது. 2010-க்குப் பிந்தைய சில ஆண்டுகளில், தரையிலுள்ள பெரிய தொலைநோக்கிகளைக் கொண்டு பல குழுக்கள் ஒரே போக்கைக் கண்டன. செம்பெயர்ச்சி 4-லிருந்து 6 வரை பின்னோக்கிப் போகப்போக லைமன் ஆல்ஃபா உமிழும் திரள்களின் பங்கு கூடிக்கொண்டே வந்தது. 7-ஐ எட்டியதும் சட்டென்று விழுந்தது. திரள்களின் தன்மையே அவ்வளவு குறுகிய காலத்தில் மாறியிருக்க வாய்ப்பு குறைவு. இடைவெளியில் ஏதோ தடுக்கிறது என்பதே நேரான விளக்கம். ஆனால் அது, ஒளி காணாமல் போனதை வைத்துச் சொன்ன முடிவு. வரி தெரியாத திரள் உண்மையில் அந்தத் தொலைவில்தான் இருக்கிறதா என்ற சந்தேகம் எப்போதும் கூடவே வந்தது. வெப் அந்தச் சந்தேகத்தைத் தீர்த்தது. ஆக்சிஜனின் 500.7 நானோமீட்டர் வரி செம்பெயர்ச்சி 8-இல் 4.5 மைக்ரானுக்கு நகர்ந்திருக்கும்; வெப்பின் கருவிகளுக்கு அது எளிது. இப்போது தொலைவை ஆக்சிஜனை வைத்து உறுதி செய்துகொண்டு, பிறகு லைமன் ஆல்ஃபா இருக்கிறதா என்று தேடலாம். இல்லாமையும் ஓர் அளவீடாகிவிட்டது.

குமிழிகளை இன்னும் நேரடியாகக் காட்டிய வேலை ஒன்று என்னை மிகவும் கவர்ந்தது. ஐகர் என்ற குழு, ஜே0100+2802 என்ற மிகப் பிரகாசமான குவேசாரின் திசையில் வெப்பைத் திருப்பி, அந்தப் பார்வைக் கோட்டின் அருகில் 117 திரள்களைக் கண்டுபிடித்தது. குவேசாரின் ஒளி வரும் வழியில் எந்தெந்த இடத்தில் தடையின்றி வருகிறது, எங்கே இருள்கிறது என்று ஏற்கெனவே தெரியும். இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்தபோது, திரள்களைச் சுற்றி ஏறத்தாழ 20 லட்சம் ஒளியாண்டு ஆரத்துக்கு வெளி தெளிந்திருப்பது தெரிந்தது. இது பெருவெடிப்புக்குப் பின் 90 கோடி ஆண்டுகள் ஆன காலம். வேலை முடியும் தறுவாய். ஹைட்ரஜனை உடைத்தது திரள்கள்தான் என்பதற்கு இதைவிட நெருக்கமான சாட்சியத்தை நான் பார்த்ததில்லை.

ஆனால் அவை எவ்வளவு ஒளியைச் செலவழித்தன என்று கணக்குப் போட்டால்தான் தலைவலி தொடங்குகிறது. கணக்கு பார்க்க எளிமையானது. எத்தனை திரள்கள் இருந்தன, ஒவ்வொன்றும் அணுவை உடைக்கும் ஃபோட்டான்களை எவ்வளவு உற்பத்தி செய்தது, அவற்றில் எத்தனை பங்கு திரளை விட்டு வெளியேறியது? மூன்றையும் பெருக்கினால் வரும் எண், இடைவெளியிலுள்ள அணுக்களின் எண்ணிக்கையை எட்ட வேண்டும். உடைந்தவை மறுபடியும் சேர்ந்துகொள்வதால் அணு ஒன்றுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட ஃபோட்டான்கள் தேவைப்படும். முதல் எண்ணை வெப் எண்ணித் தருகிறது. இரண்டாவதை ஹைட்ரஜனின் சிவப்பு வரியான எச்-ஆல்ஃபாவை வைத்து ஊகிக்கலாம்: உடைந்த அணு மீண்டும் சேரும்போது எழும் வரி அது, ஆகவே அது எத்தனை அணுக்கள் உடைந்தன என்பதற்கான ரசீது. மூன்றாவது எண்தான் தப்பும் விகிதம். அதை அந்தக் காலத்துத் திரள்களில் நேரடியாக அளக்க வழியே கிடையாது.

காரணம் சற்று வேடிக்கையானது. திரளுக்குள்ளேயே சிக்கிய ஃபோட்டான்கள் எச்-ஆல்ஃபாவாக மாறி நமக்குத் தெரிகின்றன. தப்பித்தவை வெளியே போய் ஹைட்ரஜனை உடைத்துத் தாமும் அழிந்துவிட்டன. அதற்காகத்தானே அவற்றைத் தேடுகிறோம். தோற்றவை மட்டுமே நம்மிடம் வந்து பதிவு செய்துகொள்கின்றன. வென்றவை எந்தத் தடயமும் இல்லாமல் போய்விட்டன.

வேறு வழியின்றி வானியலாளர்கள் நமக்கு அருகிலுள்ள திரள்களில் இந்த விகிதத்தை அளக்கிறார்கள். இங்கே இடைவெளி தெளிந்திருப்பதால் தப்பிய ஒளி தெரியும். சாதாரணத் திரள்கள் கிட்டத்தட்ட ஒன்றையும் வெளியே விடுவதில்லை. பொதுமக்கள் பங்கேற்ற கேலக்ஸி ஸூ திட்டத்தில் தன்னார்வலர்கள் கண்டெடுத்த, 'பச்சைப் பட்டாணி' என்று செல்லப்பெயர் பெற்ற சிறிய, தீவிரமான திரள்கள் வேறு ரகம். 2016-இல் யூரி இசோடோவ் குழு இப்படிப்பட்ட ஒன்றில் 8 சதவீதக் கசிவை அளந்தது; 2018-இல் இன்னொன்றில் 46 சதவீதம். இந்தியாவின் ஆஸ்ட்ரோசாட் செயற்கைக்கோளைப் பயன்படுத்திக் கனக் சாஹா தலைமையிலான குழு, செம்பெயர்ச்சி 1.42-இல் உள்ள ஒரு திரளிலிருந்து இத்தகைய ஒளியை 2020-இல் அறிவித்தது. பின்னர் ஹபிள் தொலைநோக்கியில் 66 அருகாமைத் திரள்களை ஒழுங்காக அளந்து பார்த்தபோது, ஏறக்குறைய பாதியில்தான் கசிவு உறுதியாகத் தெரிந்தது. எந்தத் திரள் கசியும் என்று முன்கூட்டியே சொல்லும் ஒற்றை அடையாளம் எதுவும் அகப்படவில்லை.

அகப்படாததில் வியப்பில்லை. அணுவை உடைக்கும் ஒளியைப் பெரும்பாலும் தருபவை மிகப் பெரிய விண்மீன்கள். அவற்றின் ஆயுள் சில பத்து லட்சம் ஆண்டுகளே. அவை பிறந்த அடர்ந்த வாயு மேகம் அவற்றைச் சூழ்ந்திருக்கும்வரை ஒளி வெளியேறாது. மேகத்தைக் கிழிப்பது கதிரழுத்தமும் விண்மீன் காற்றும், அந்த விண்மீன்களே வெடிக்கும் சூப்பர்நோவாக்களும். ஆனால் வெடித்துவிட்டால் ஒளி தருவது யார்? மேகம் கிழிவதற்கும் விண்மீன் சாவதற்கும் இடையே ஒரு குறுகிய கால அவகாசம்; அதற்குள் கிழிந்த திசையில் மட்டும் ஒளி பாய்கிறது. கிழிந்த பக்கம் நம்மை நோக்கி இருந்தால் அந்தத் திரள் 40 சதவீதம் கசிவதாக எழுதிக்கொள்வோம், திரும்பியிருந்தால் பூஜ்யம். ஒரு திரளின் அளவை அப்படியே சராசரி ஆக்க முடியாது. வானியலில் பலர் இந்த எண்ணைத் தேவைக்கேற்ப முறுக்கும் திருகாணியாகவே நெடுநாள் வைத்திருந்தார்கள் என்று சொன்னால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள் என்று நினைக்கிறேன். பத்து முதல் இருபது சதவீதம் என்று வைத்தால் கணக்கு ஒத்துவந்தது. எனவே அப்படியே வைத்தார்கள்.

வெப் வந்ததும் இந்த ஏற்பாடு ஆட்டம் கண்டது. 2024-இல் ஹாகிம் அடெக் குழு, ஏபெல் 2744 என்ற திரள் கூட்டத்தின் ஈர்ப்பு வில்லையை, அதாவது அதன் ஈர்ப்பு பின்னாலிருந்து வரும் ஒளியை வளைத்துப் பெரிதாக்குவதைப் பயன்படுத்தி அதன் பின்னால் உள்ள எட்டு மிக மங்கலான திரள்களின் நிறமாலையை எடுத்தது. அவை முன்பு கருதியதைப்போல நான்கு மடங்கு ஃபோட்டான்களை உற்பத்தி செய்வது தெரிந்தது. அப்படியானால் 5 சதவீதம் தப்பினாலே போதும். அதே ஆண்டில் ஜூலியன் முன்யோஸும் சக ஆய்வாளர்களும் இதை மறுபக்கத்திலிருந்து பார்த்தார்கள். வெப் காட்டும் திரள்களின் எண்ணிக்கையையும் உற்பத்தியையும், அருகாமைத் திரள்களில் அளந்த தப்பும் விகிதத்தையும் சேர்த்துப் பெருக்கினால், மறு அயனியாக்கம் வெகு சீக்கிரமே முடிந்திருக்க வேண்டும். இருபது ஆண்டுகளாக ஒளி போதவில்லையே என்று கவலைப்பட்ட துறை, இப்போது ஒளி மிஞ்சிப்போகிறதே என்று கவலைப்படத் தொடங்கியது.

மிஞ்சுகிறது என்று எதை வைத்துச் சொல்கிறோம்? பிளாங்க் செயற்கைக்கோளை வைத்து. விடுபட்ட எலக்ட்ரான்கள், பெருவெடிப்பின் எஞ்சிய ஒளியான பிரபஞ்ச நுண்ணலைப் பின்னணியைச் சிறிதளவு சிதறடிக்கும். பிளாங்கின் 2018 முடிவுகளின்படி அந்த ஃபோட்டான்களில் ஏறத்தாழ நூற்றுக்கு ஐந்து சிதறியிருக்கின்றன (சிதறல் அளவு 0.054). வேலை சீக்கிரம் முடிந்திருந்தால் இந்த எண் கூடியிருக்கும். இதே அளவு 2003-இல், பிளாங்குக்கு முந்தைய செயற்கைக்கோளான டபிள்யூமேப்பின் முதல் முடிவுகளில் 0.17 என்று வந்தது. அப்போது முதல் விண்மீன்கள் வெகு முன்னதாகவே எல்லாவற்றையும் உடைத்துவிட்டன என்று கட்டுரைகள் குவிந்தன. பிறகு எண் இறங்கியது, கட்டுரைகளும் அடங்கின. இப்போதைய 0.054 அப்படி மாறிவிடும் என்று நான் பந்தயம் கட்ட மாட்டேன். ஆனால் வானியலில் இது மிகக் கடினமான அளவீடுகளில் ஒன்று என்பதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

மிகை ஒளிச் சிக்கலைத் தளர்த்தும் விஷயங்களும் வந்துகொண்டிருக்கின்றன. முதலில் அளக்கப்பட்டவை வலுவான வரிகள் கொண்ட திரள்கள்; கண்ணில் படுபவை அவைதான். வெப்பின் ஜேட்ஸ் என்ற வான் அளவையில் பரவலாக எடுத்துப் பார்த்தபோது சராசரி உற்பத்தி குறைந்தது. அந்தக் காலத்துத் திரள்களில் விண்மீன் பிறப்பு சீராக இல்லை, விட்டுவிட்டு வெடித்துக் கிளம்புவது. ஓய்விலிருக்கும் திரள்கள் பட்டியலில் இடம்பெறாமல் போய்விடுகின்றன. இன்னொரு பக்கம், செலவும் நினைத்ததைவிடக் கூடுதல். 2021-இல் ஜார்ஜ் பெக்கர் குழு, அணுவை உடைக்கும் ஒரு ஃபோட்டான் அழியாமல் சராசரியாக எவ்வளவு தூரம் பயணிக்கும் என்று அளந்தது. செம்பெயர்ச்சி 5.1-இல் அது சுமார் 3 கோடி ஒளியாண்டு. 6-இல் 25 லட்சத்துக்கும் கீழ். ஏறத்தாழ 20 கோடி ஆண்டுகளுக்குள் பன்னிரண்டு மடங்கு வேறுபாடு. முந்தைய காலத்தில் ஒளியை விழுங்கும் அடர்ந்த வாயுத் திட்டுகள் வழியெங்கும் இருந்தன என்பதே இதன் பொருள். வரவும் சற்றுக் குறைந்து, செலவும் கூடினால் கணக்கு ஒத்துவரக்கூடும். அப்போதும் நடுவில் நிற்பது அதே அளக்க முடியாத விகிதம்தான்.

திரளை வைத்து வெளியை அளக்கிறோம் என்பதில் உள்ள இன்னோர் ஆபத்தையும் வெப்பே காட்டிக்கொடுத்தது. செம்பெயர்ச்சி 8-க்கு அப்பாலுள்ள சில திரள்களின் நிறமாலையில் லைமன் ஆல்ஃபா அருகே ஒளி மெதுவாகச் சரிகிறது. சிறகு என்று நினைக்கத் தோன்றும். ஆனால் கஸ்பர் ஹைன்ட்ஸ் குழு 2024-இல் காட்டியபடி, அந்தச் சரிவு இடைவெளி வாயுவால் மட்டும் வரக்கூடியதைவிட ஆழமானது. திரளுக்குள்ளேயோ அதை ஒட்டியோ கிடக்கும் அடர்ந்த ஹைட்ரஜன்தான் அதற்குக் காரணம். பிரபஞ்சத்தை அளப்பதாக நினைத்துக்கொண்டு திரளின் சொந்தப் போர்வையை அளந்துவிடலாம். ஒரு திரளில் இரண்டையும் பிரிப்பது கடினம். நூற்றுக்கணக்கான திரள்களைச் சேர்த்துப் பார்த்தால்தான் பொதுவான பங்கு தனியே தெரியும்.

அந்த 33 கோடி ஆண்டுத் திரளைப் பொறுத்தவரை இரண்டு விளக்கங்கள் பேசப்படுகின்றன. மிகச் சூடான, பெரிய விண்மீன்கள் தங்களைச் சுற்றி அதற்குள்ளேயே ஒரு குமிழியைக் குடைந்துவிட்டன என்பது ஒன்று. நடுவில் வாயுவை விழுங்கிக்கொண்டிருக்கும் கருந்துளை ஒன்று அந்த ஒளியைத் தருகிறது என்பது மற்றொன்று. எதுவானாலும் மறு அயனியாக்கம் அங்கே தொடங்கிவிட்டது. அந்த ஒரு திரளைச் சுற்றிய சிறு வட்டத்தில் என்றாலும்.

இதற்கு அடுத்த கட்டம், திரள்களை மட்டும் பார்ப்பதை விட்டு, உடையாத ஹைட்ரஜனையும் நேரடியாகப் பார்ப்பது. நடுநிலை ஹைட்ரஜன் 21 சென்டிமீட்டர் அலைநீளத்தில் தானாகவே ரேடியோ அலை உமிழும். செம்பெயர்ச்சி 8-இலிருந்து வரும்போது அது ஏறத்தாழ 1.9 மீட்டராக நீண்டிருக்கும். தென்னாப்பிரிக்காவின் கரூ பாலைநிலத்தில் உள்ள ஹெரா என்ற ரேடியோ தொலைநோக்கி அதைத் தேடிக்கொண்டிருக்கிறது. மேற்கு ஆஸ்திரேலியாவில் எஸ்கேஏ என்ற பன்னாட்டு ரேடியோ தொலைநோக்கியின் தாழ்-அதிர்வெண் ஆன்டெனாக்கள் கட்டப்பட்டு வருகின்றன. சமிக்ஞை மிக மிக மெல்லியது. நம் பால்வீதியின் ரேடியோ இரைச்சல் அதைப்போல பல்லாயிரம் மடங்கு உரத்தது. ரேடியோ வரைபடம் கிடைத்ததும் அதன்மேல் திரள்களின் வரைபடத்தைப் பொருத்துவார்கள். திரள்கள் நெருங்கியிருக்கும் இடம் ரேடியோவில் இருண்டிருக்க வேண்டும், காலியான இடம் ஒளிர வேண்டும். எந்த அளவுக்குக் கீழே இந்த எதிர்மறை உறவு மறைந்துபோகிறதோ அதுதான் குமிழிகளின் சராசரி அளவு. குமிழியின் அளவும், அதற்குள் இருக்கும் திரள்களின் மொத்த உற்பத்தியும் தெரிந்துவிட்டால், தப்பும் விகிதத்தைத் திரளிடம் கேட்க வேண்டிய அவசியமில்லை, வகுத்து எடுத்துவிடலாம்.